நான்கு மணித் தேநீருக்கு வெள்ளரிக்காய், கிரீம் சீஸ் சாண்ட்விச்

வெள்ளரிக்காயின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்ணீர். அதை மெல்லிய வில்லைகளாகச் சீவி, பஞ்சு போன்ற வெள்ளைப் பிரெட்டின் நடுவில் வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பரிமாற வேண்டும் என்றால், செய்முறையின் ஒவ்வொரு படியும் அந்தத் தண்ணீரை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கான விடையாகவே அமைகிறது. இங்கிலாந்தில் நான் வசிக்கும் தெருவில் ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மாலை நான்கு மணிக்கு அக்கம்பக்கத்தார் அனைவரும் கூடித் தேநீர் அருந்துவது வழக்கம். ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பண்டத்தைச் செய்து கொண்டுவர வேண்டும் என்ற ஏற்பாட்டில், பன்னிரண்டு பேருக்கான வெள்ளரிக்காய்ச் சாண்ட்விச்சை நான் ஏற்றுக்கொண்டேன். எளிய பண்டம் என்று பலரும் சொல்லும் இதில் எவ்வளவு கவனம் தேவைப்படுகிறது என்பதையும், எந்தப் படி எதற்காக இருக்கிறது என்பதையும் செய்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

மாலைத் தேநீர் என்னும் இந்த வழக்கத்தை 1840 வாக்கில் தொடங்கி வைத்தவர் என்று பெட்ஃபோர்டின் ஏழாம் பிரபுவின் மனைவி அன்னா மரியா ரஸ்ஸலைச் சொல்வார்கள். இரவு உணவு எட்டு மணிக்கும் அதற்குப் பின்னும் தள்ளிப்போன காலத்தில், மதியத்துக்கும் இரவுக்கும் இடைப்பட்ட நீண்ட பசியைத் தணிக்கத் தேநீரோடு சிறு தீனி கேட்டு வாங்கி உண்ணத் தொடங்கியவர் அவர். இரவு உணவுக்கான பசியைக் கெடுக்காமல் இடைவெளியை மட்டும் நிரப்ப வேண்டும் என்பதால், தேநீர் மேசைக்குரிய சாண்ட்விச் மெல்லியதாகவும் இரண்டு மூன்று கடிகளில் முடிவதாகவும் இருக்க வேண்டும் என்ற இலக்கணம் பொருத்தமாகவே நிலைத்திருக்கிறது. பழைய ஆங்கில முறையில் பிரெட், வெண்ணெய், வெள்ளரிக்காய், உப்பு ஆகியவை மட்டுமே உண்டு. இன்று கடைகளில் நாம் வாங்கும் வகைக் கிரீம் சீஸ், நியூயார்க் மாநிலத்தின் செஸ்டர் என்ற ஊரில் வில்லியம் லாரன்ஸ் என்பவர் 1870களில் செய்து விற்கத் தொடங்கியது. எனவே கிரீம் சீஸ் தடவிய வடிவம் அட்லாண்டிக்கின் இரு கரைகளும் சேர்ந்த ஒன்று. நான் செய்ததில் வெண்ணெயும் உண்டு, கிரீம் சீஸும் உண்டு; இரண்டுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது.

பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு இரண்டு விரல் துண்டுகள் என்று கணக்கிட்டேன். ஒரு சாண்ட்விச்சிலிருந்து மூன்று விரல் துண்டுகள் கிடைக்கும் என்பதால் எட்டு சாண்ட்விச்சுகள், அதாவது பதினாறு பிரெட் துண்டுகள் போதும்; 800 கிராம் எடையுள்ள ஒரு பிரெட் பாக்கெட்டில் இது அடங்கிவிடும். வெள்ளரிக்காய் நீளமானதாக ஒன்று, முழுக் கொழுப்புள்ள கிரீம் சீஸ் 250 கிராம், உப்பு சேராத வெண்ணெய் 70 கிராம், பொடியாக நறுக்கிய டில் இலை இரண்டு மேசைக்கரண்டி, சைவ்ஸ் தழை இரண்டு மேசைக்கரண்டி, புதினா ஒரு மேசைக்கரண்டி, ஓர் எலுமிச்சையின் துருவிய மேல்தோல், அரைத் தேக்கரண்டி வெள்ளை மிளகுத்தூள், அரைத் தேக்கரண்டி தூள் உப்பு ஆகியவற்றை எடுத்து வைத்தேன். உப்பு முழுவதும் வெள்ளரிக்காய்க்கு மட்டுமே. கிரீம் சீஸில் ஏற்கெனவே உப்பு இருப்பதால், அதில் மேலும் சேர்த்தால் கரித்துவிடும்.

இங்கே கிடைக்கும் வெள்ளரிக்காய் ஓர் அடி நீளம் உடையது, நேரானது, தோல் மெல்லியது, விதை முற்றாதது. கண்ணாடிக் குடில்களில் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் வகை என்பதால் உள்ளே விதைகள் வெறும் பொட்டுகளாகவே நிற்கின்றன. மெல்லிய தோல் வழியாக ஈரம் விரைவில் வெளியேறிவிடும் என்பதால் பெரும்பாலும் பிளாஸ்டிக் உறையால் இறுக்கிச் சுற்றியே விற்கிறார்கள். ரயில் இஞ்சின்களால் பெயர் பெற்ற ஜார்ஜ் ஸ்டீவன்சன், தம் கடைசிக் காலத்தில் செஸ்டர்ஃபீல்டு அருகிலுள்ள டாப்டன் இல்லத்துத் தோட்டத்தில் வெள்ளரிக்காய் வளைந்து வளர்வதைப் பொறுக்க மாட்டாமல், அதை நேராக வளர்க்கக் கண்ணாடிக் குழாய்களையே செய்வித்தார் என்பது இந்த நாட்டில் எனக்குப் பிடித்த செய்திகளில் ஒன்று. சாண்ட்விச் செய்பவருக்கு அந்த ஆசை முற்றிலும் நியாயமாகவே தோன்றும். காய் நேராக இருந்தால்தான் முதல் வில்லையிலிருந்து கடைசி வில்லைவரை ஒரே வட்டமாகக் கிடைக்கும். அடுக்கும்போது இடைவெளி விழாது.

காயைக் கழுவித் துடைத்து, காம்புப் பக்கம் இரண்டு விரல் அளவுக்கு வெட்டி, ஒரு சிறு துண்டைச் சுவைத்துப் பார்த்தேன். வெள்ளரிக்காயில் கசப்பைத் தரும் குக்குர்பிட்டாசின் என்ற பொருள் இருக்குமானால், அது காம்புப் பக்கத்திலும் தோலை ஒட்டிய பகுதியிலும்தான் மிகுதியாக இருக்கும். எனவே அந்த இடத்தில் கசக்கவில்லை என்றால் முழுக் காயையும் நம்பலாம். தோலை முழுவதும் சீவி எறிவது சில வீடுகளின் வழக்கம். நான் நீளவாக்கில் ஒரு பட்டை விட்டு ஒரு பட்டையாகச் சீவினேன். பச்சை ஓரம் பாதியாவது இருந்தால் வில்லைக்கு ஓர் அழகும், கடிக்கும்போது ஒரு பிடிப்பும் இருக்கிறது.

வில்லைகளின் கனம் முக்கியம். சிப்ஸ் சீவும் கட்டையில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சரிசெய்து சீவினேன். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சீவினால் உப்பு பட்டவுடன் வில்லை துவண்டு, மொறுமொறுப்பு போய்விடுகிறது. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் வளையாமல் விறைத்து நிற்பதால், சாண்ட்விச்சைக் கடிக்கும்போது முழு வில்லையும் வழுக்கி வெளியே வந்துவிடுகிறது. இரண்டு மில்லிமீட்டர் வில்லை உப்பில் ஊறியபின் உடையாமல் வளைகிறது, ஆனாலும் பல்லுக்குத் தெரிகிறது. கையால் கத்தி கொண்டு வெட்டுபவர்கள் சற்றுக் கனமாகவே வெட்ட நேரும். அப்படியானால் ஊறும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

சீவிய வில்லைகளின் எடை 330 கிராம். அதில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மூன்று கிராமுக்குச் சற்று மேல் உப்பு, அதாவது அரைத் தேக்கரண்டி, தூவி மெதுவாகப் பிரட்டி, வடிதட்டில் பரப்பி, அடியில் ஒரு கிண்ணம் வைத்தேன். உப்பு, வில்லையின் மேற்பரப்பிலுள்ள ஈரத்தில் கரைந்து அடர்ந்த கரைசலாகிறது. உள்ளேயிருக்கும் செல்களிலுள்ள தண்ணீர் சவ்வு வழியாக அடர்த்தி மிகுந்த அந்தப் பக்கத்தை நோக்கி வெளியேறுகிறது. ஐந்தாம் நிமிடத்திலேயே வில்லைகள் வியர்க்கத் தொடங்கின. அரை மணி நேரத்தில் கிண்ணத்தில் இளம்பச்சை நிற நீர் தேங்கியது. அதன்பின் ஒரு பருத்தித் துணியை விரித்து, வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே இன்னொரு துணியை மூடி உள்ளங்கையால் ஒற்றி எடுத்தேன். பிழியவே கூடாது, பிழிந்தால் செல்கள் நசுங்கி, பச்சடிக்குத்தான் ஆகும். ஒற்றி எடுத்தபின் நிறுத்துப் பார்த்தபோது 270 கிராம் இருந்தது. பிரெட்டுக்குள் போயிருக்க வேண்டிய 60 கிராம் தண்ணீர் கிண்ணத்திலும் துணியிலும் நின்றுவிட்டது. சிலர் உப்போடு சில சொட்டு வினிகரும் தெளிப்பார்கள். எலுமிச்சைத் தோலின் மணமே எனக்குப் போதும் என்பதால் அதை விட்டுவிட்டேன்.

மணத் தழைகளுக்கும் இதே விதி பொருந்தும். கழுவிய இலையில் ஒட்டியிருக்கும் நீர், நறுக்கும்போது பலகையில் பரவி, பின்னர் கிரீம் சீஸில் கலந்து அதை நெகிழச் செய்கிறது. ஆகவே தழைகளை முந்தின இரவே கழுவி, உதறி, துணியில் சுருட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டேன். காலையில் ஈரம் தெரியாத அளவுக்கு உலர்ந்து, வாடாமலும் இருந்தன. டில் என்பது நம் நாட்டு மருந்துக் கடைகளில் சதகுப்பை என்று விதையாகக் கிடைக்கும் செடியின் இறகு போன்ற இலை. அதன் மணம் வெள்ளரிக்காயோடு இயல்பாகவே இணைகிறது, ஆனால் சற்றே மிகுந்தாலும் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். சைவ்ஸ், வெங்காயத்தாளைப் போன்ற வாசனை உடைய மெல்லிய குழல் இலை. கூர்மையான கத்தியால் ஒரே முறையில் குறுக்கே அரிய வேண்டும், திரும்பத் திரும்பக் கொத்தினால் சாறு கசிந்து காரம் ஏறிவிடும். புதினாவைக் கடைசியில், கலப்பதற்குச் சற்று முன்புதான் நறுக்கினேன். நறுக்கி வைத்த புதினா விரைவில் கறுத்துவிடும், வெள்ளைப் பரப்பில் அந்தக் கறுப்பு நன்றாகவே தெரியும்.

கிரீம் சீஸைப் பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. இந்தச் சாண்ட்விச்சுக்குக் குறைந்த கொழுப்பு வகை பொருந்தாது. அமெரிக்கச் சட்டப்படி கிரீம் சீஸில் குறைந்தது 33 விழுக்காடு பால் கொழுப்பும், அதிகபட்சம் 55 விழுக்காடு ஈரமும் இருக்க வேண்டும். இங்கே டப்பாவில் விற்கும் முழுக் கொழுப்பு வகையில் கொழுப்பு அதைவிடக் குறைவுதான். குறைந்த கொழுப்பு வகையிலோ அதுவும் பாதியாகி, அந்த இடத்தைப் பெரும்பாலும் தண்ணீரே நிரப்புகிறது. வெள்ளரிக்காயிலிருந்து அரும்பாடுபட்டு எடுத்த தண்ணீரைச் சீஸ் வழியாகத் திருப்பிக் கொண்டுவருவதில் பொருளில்லை. டப்பாவைத் திறந்தவுடன் மேலே தேங்கியிருந்த நீரை வடித்துவிட்டு, அரை மணி நேரம் வெளியே வைத்து இளகியபின், மரக்கரண்டியால் மடித்து மடித்துத் தழைகளையும் எலுமிச்சைத் தோலையும் மிளகுத்தூளையும் கலந்தேன். மின்கலக்கியால் வேகமாக அடித்தால் அதன் கட்டமைப்பு உடைந்து கூழாகி ஓடும். எலுமிச்சையின் சாற்றையும் இதே காரணத்துக்காகவே தவிர்த்தேன். தோலில் உள்ள எண்ணெய், நீர் சேர்க்காமலே மணத்தைக் கொடுத்துவிடுகிறது. கலந்தபின் ஒரு மணி நேரமாவது குளிரில் இருந்தால் தழையின் வாசனை கொழுப்பில் இறங்கி ஒன்றாகிறது. உடனே சுவைத்தால் டில் தனியாகவும் வெங்காய வாசம் தனியாகவும் தெரிகின்றன.

அடுத்தது பிரெட். விக்டோரியா காலத்துச் சமையலறைகளில் முழு பிரெட்டின் வெட்டிய முகத்தில் முதலில் வெண்ணெயைத் தடவி, பிறகுதான் அந்த முகத்தை மெல்லிய துண்டாக அறுப்பார்கள். அறுத்தபின் தடவினால் கிழிந்துவிடும் அளவுக்கு அது மெல்லியதாக இருக்கும். நல்ல கத்தியும் பழகிய கையும் உள்ளவர்கள் இன்றும் அதைச் செய்யலாம். நான் கடையில் வெட்டி விற்கும் நடுத்தரக் கன வெள்ளைப் பிரெட்டையே எடுத்தேன். இந்த நாட்டில் விற்கும் பிரெட்டின் பெரும்பகுதி 1961இல் சார்லிவுட் என்ற ஊரிலிருந்த ஆராய்ச்சி நிலையத்தில் உருவான முறைப்படி, மாவை மிக வேகமாகப் பிசைந்து செய்யப்படுவது. சுவை குறைவு என்று அதைக் குறை சொல்பவர்கள் பலர் உண்டு. அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆனால் சிறு துளைகள் மட்டுமே கொண்ட சீரான அதன் உட்புறம் இந்த ஒரு பண்டத்துக்கு மிகவும் ஏற்றது. பெரிய துளைகள் உள்ள புளிப்பு மாவு பிரெட்டில் வெண்ணெய் துளைக்குள் இறங்கிவிடும், மேலே படலம் உருவாகாது. வாங்கிய அன்றைவிட மறுநாள் பிரெட் கத்திக்கு நன்றாக ஒத்துழைப்பதால், சனிக்கிழமையே வாங்கி வைத்திருந்தேன்.

வெண்ணெய் தேவைதானா, கிரீம் சீஸே கொழுப்புதானே என்று கேட்பவர்கள் உண்டு. இதை ஊகத்தில் விட விரும்பாமல், விருந்துக்கு முந்தைய வாரத்தில் சில சாண்ட்விச்சுகளை வேறு வேறு விதமாகச் செய்து, ஒரே தட்டில் அருகருகே மூன்று மணி நேரம் வைத்துப் பார்த்தேன். உப்பில் ஊறாத வெள்ளரிக்காயும் வெண்ணெய் தடவாத பிரெட்டும் சேர்ந்ததில், அடித்துண்டில் ஒவ்வொரு வில்லைக்கும் நேர் கீழே சாம்பல் நிறத்தில் ஈர வட்டங்கள் விழுந்திருந்தன. தூக்கியபோது அடி பிய்ந்தது. ஊறவைத்து ஒற்றிய வில்லைகளோடு கிரீம் சீஸ் மட்டும் தடவியது பரவாயில்லை, ஆயினும் பிரெட்டின் உட்பரப்பு பிசுபிசுத்தது. ஊறவைத்த வில்லைகளும் வெண்ணெய்ப் படலமும் சேர்ந்ததில் பிரெட் காலையில் இருந்தது போலவே உலர்ந்து மென்மையாக இருந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. கிரீம் சீஸில் சரிபாதிக்கு மேல் நீர்தான் இருக்கிறது. வெண்ணெயிலோ சட்டப்படி குறைந்தது 80 விழுக்காடு கொழுப்பு, அதிகபட்சம் 16 விழுக்காடு நீர். அந்த நீரும் நுண்துளிகளாகக் கொழுப்புக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. எனவே பிரெட்டைக் காப்பது வெண்ணெய். தழையின் மணத்தைச் சுமப்பதும் வில்லைகளைப் பிடித்து நிறுத்துவதும் கிரீம் சீஸின் வேலை.

நன்றாக இளகிய வெண்ணெயை ஒவ்வொரு துண்டிலும் நான்கு கிராம் அளவுக்கு, ஒரு மூலையும் விடாமல் ஓரம்வரை தடவினேன். ஓரத்தை வெட்டி எறியத்தானே போகிறோம் என்று நடுவில் மட்டும் தடவினால், வெட்டியபின் விரல் துண்டின் விளிம்பு காப்பில்லாமல் நின்றுவிடும். தடவிய துண்டுகளைக் கால் மணி நேரம் குளிரில் வைத்து வெண்ணெயை இறுகவிட்டேன். இறுகாத வெண்ணெயின்மேல் கிரீம் சீஸைத் தடவினால் இரண்டும் குழம்பிப் படலம் கலைந்துவிடும். பிறகு எல்லாத் துண்டுகளிலும் 15 கிராம் அளவுக்குக் கிரீம் சீஸ் கலவையை மெல்லியதாகப் பரப்பினேன். இரு புறமும் இருப்பதால் வில்லைகள் மேலும் கீழும் ஒட்டிக்கொள்கின்றன. பதினாறு வில்லைகள் ஒரு சாண்ட்விச்சுக்கு என்று, ஒன்றன் விளிம்பின்மேல் மற்றொன்று பாதியளவு ஏறும்படி நான்கு வரிசைகளாக அடுக்கினேன். வரிசைகள் எல்லாம் ஒரே திசையில் இருக்கட்டும். பின்னர் அந்தத் திசைக்குக் குறுக்காக வெட்டினால், வெட்டு முகத்தில் வெள்ளரிக்காய் ஒழுங்கான பச்சைக் கோடாகத் தெரியும்.

மூடிய சாண்ட்விச்சுகளை நான்கு நான்காக அடுக்கி, மேலே ஒரு வெட்டுப் பலகையை மட்டும் பத்து நிமிடம் வைத்தேன். அந்த எடையே போதும். அடுக்குகள் ஒன்றோடொன்று பொருந்தி, வெட்டும்போது நழுவாமல் இருக்கின்றன. பிறகு வெண்ணெய்த் தாளால் சுற்றி, அதன்மேல் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியைப் போர்த்திக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். துணி நேரடியாகப் பிரெட்டில் படக் கூடாது. ஓரங்களை இப்போது வெட்டவில்லை. பழுப்பு ஓரம் இருக்கும்வரை உட்புறம் காய்ந்து விறைப்பதில்லை.

எவ்வளவு நேரம் முன்னதாகச் செய்வது என்பதில் இரண்டு தேவைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பால் பொருள் இருப்பதால் குளிரில் வைத்தே ஆக வேண்டும். இங்கிலாந்தின் உணவு விதிகளின்படி இத்தகைய பண்டங்களை எட்டு டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைக்க வேண்டும், பரிமாறுவதற்காக ஒரே ஒரு முறை நான்கு மணி நேரம்வரை வெளியே வைக்கலாம். ஆனால் பிரெட்டிலுள்ள மாவுச்சத்து மீண்டும் படிகமாகி இறுகுவது குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையில்தான் மிக விரைவாக நடக்கிறது. அதனால்தான் பெட்டியில் வைத்த பிரெட் சீக்கிரமே வறட்டுத் தன்மை அடைகிறது. ஆகவே வெள்ளரிக்காயையும் கிரீம் சீஸ் கலவையையும் காலையிலேயே தனித்தனியாக ஆயத்தம் செய்து, பிரெட்டோடு சேர்ப்பதை மட்டும் இரண்டு மணிக்கு வைத்துக்கொண்டேன். முந்தின நாளே செய்து வைக்கலாம் என்று சொல்லும் குறிப்புகளை நான் ஏற்பதில்லை.

மூன்றரை மணிக்கு எடுத்து, பல் வைத்த நீண்ட பிரெட் கத்தியால், அழுத்தாமல் முன்னும் பின்னும் இழுத்து நான்கு ஓரங்களையும் நீக்கினேன். பிறகு ஒவ்வொன்றையும் மூன்று விரல்களாக வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். துடைக்காத கத்தி அடுத்த வெட்டு முகத்தில் பச்சைக் கறையை இழுத்துவிடும். பரிமாறும் நேரத்துக்குள் குளிர் சற்று விட்டு, வெண்ணெய் நாக்கில் கரையும் நிலைக்கு வந்திருந்தது. குளிரோடு பரிமாறினால் வெண்ணெய் மெழுகாகத் தெரியும், தழையின் மணமும் எழும்பாது. மேசையில் ஒரு மணி நேரம் இருந்த கடைசித் துண்டையும் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். அடிப்புறம் உலர்ந்தே இருந்தது. வெட்டி நீக்கிய ஓரங்களை அடுப்பில் முறுக வாட்டிப் பொடித்து வைத்தால் கட்லெட்டுக்கு உதவும்.

தமிழ்நாட்டில் செய்ய விரும்புவோருக்குச் சில மாற்றங்கள் தேவைப்படும். நாட்டு வெள்ளரிக்காயில் விதையும் அதைச் சுற்றிய கூழும் மிகுதி. நீளவாக்கில் பிளந்து, கரண்டியால் அந்தப் பகுதியை வழித்துவிட்டு, அரைவட்ட வில்லைகளாகச் சீவ வேண்டும். தோல் கனமாக இருந்தால் முழுவதும் நீக்கிவிடுவதே நல்லது. டில் இலை கர்நாடகத்தில் சப்பசிகே சொப்பு என்று கட்டுக்கட்டாக விற்கும் கீரைதான். அது கிடைக்காத ஊர்களில் கொத்தமல்லியும் புதினாவும் போதும், சைவ்ஸுக்கு மாற்றாக வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மிகப் பொடியாக அரிந்து சேர்க்கலாம். கிரீம் சீஸுக்கு மாற்றாகக் கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் தொங்கவிட்டு வடிக்கலாம். அதில் கொழுப்பு குறைவு, புளிப்பு மிகுதி என்பதால் நான்கு பங்கு தயிருக்கு ஒரு பங்கு இளகிய வெண்ணெயை அடித்துச் சேர்த்தால் கிரீம் சீஸை ஓரளவு நெருங்குகிறது. அப்படிச் செய்ததையும், சென்னையின் மே மாத வெயிலில் செய்யும் எதையும், வெட்டிய அரை மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். அந்த வெப்பத்தில் வெண்ணெய்ப் படலம் உருகிப் பிரெட்டுக்குள் இறங்கிவிடும். அதன்பின் வெள்ளரிக்காயின் தண்ணீரைத் தடுக்க ஒன்றும் இருக்காது.